பொட்டல வியாபாரிக்கு எடைதான் கேடயம்!

மதுரை: காசியில் அரசு லைசென்சோடு பாங்கு கடை நடக்கிறது. மதுரையில் ஒரு பொட்டலம் கஞ்சா சிக்கினாலும் வழக்குதான். இத்தனைக்கும் ரெண்டும் ஒரே செடி! 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. தனி இலை அதில் வராது.

ஆக, மாநகராட்சி லைசென்சு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. சிக்கல் எடையில் இருக்கிறது. 20 கிலோவை தாண்டினால்தான் 10 முதல் 20 வருஷம் ஜெயில், ஜாமீனும் லேசில் கிடைக்காது. 1 கிலோ வரை என்றால் அதிகபட்சம் 1 வருஷம். வெறும் அபராதத்தோடும் முடியலாம். ஸ்கூல் பக்கம் விற்கிற ஆசாமி மூட்டையா தூக்கிட்டு வருவான்? பாக்கெட்டில் நாலு பொட்டலம், அவ்வளவுதான்!

மிச்சமிருப்பது குண்டர் சட்டம். நகருக்குள் போலீஸ் கமிஷனர், மேலூர், உசிலம்பட்டி பக்கம் கலெக்டர் கையெழுத்து போட்டால் 1 வருஷம் வரை உள்ளே வைக்கலாம். பேப்பரில் ஓட்டை இருந்தால் ஐகோர்ட்டு மதுரை கிளையில் அதுவும் ரத்தாவதுண்டு.