பழகிய மொழியும் புதிய மொழியும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. அறுபதைத் தாண்டிய பின் வளைந்து பார்த்த மூவர் நாங்கள். இப்பள்ளியில் ஒரே வகுப்பில் பயின்று, கல்லூரியிலும் ஒன்றாகக் கணிதம் கற்ற பழைய மாணவியர். எங்கள் அனுபவத்தையும், அதனால் நாங்கள் கொண்ட கருத்தையும் தங்கைகளாகிய உங்கள் முன் வைக்கிறோம்.

1980களில் நாங்கள் கற்ற முதல் கணிப்பொறி மொழி ஃபோர்ட்ரான். ஜான் பேக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கி 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி அது. கணிதச் சூத்திரத்தை ஏறக்குறைய எழுதும் முறையிலேயே கணிப்பொறிக்குச் சொல்ல அது வழி செய்தது. அந்நாளில் வரிக்கு ஓர் அட்டை. அட்டையின் 80 கட்டங்களில் 7 முதல் 72 வரைதான் கட்டளைக்கு இடம். ஓர் எழுத்து தவறி 6 ஆம் கட்டத்தில் விழுந்தால், அதனை முந்தைய வரியின் தொடர்ச்சி என்றே கணிப்பொறி கொள்ளும். அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் விடைக்குக் காத்திருப்போம். ஒரு காற்புள்ளி தவறினால் ஒரு நாள் போயிற்று! ஆதலால் துளையிடுமுன் தாளிலேயே பலமுறை சரிபார்க்கப் பழகினோம்.

சென்ற ஆண்டு, எங்களில் ஒருத்தியின் அக்காள் மகள் ஒரு வேண்டுகோளுடன் வந்தாள். அவள் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. "சித்தி, இந்தப் பழைய ஃபோர்ட்ரான் புரோகிராமை ஜூலியா மொழிக்கு மாற்றித் தர முடியுமா? எனக்கு ஜூலியா தெரியும், இது புரியவில்லை" என்றாள். எங்களுக்கோ அது புரியும், ஜூலியா தெரியாது. மூவரும் கூடிக் கற்கத் தொடங்கினோம்.

ஜூலியா 2012 இல் வெளியாயிற்று, அதன் 1.0 பதிப்பு 2018 இல் வந்தது. படைத்த நால்வருள் வைரல் ஷா என்ற இந்தியரும் ஒருவர். விஞ்ஞானிகள் எளிய மொழியொன்றில் எழுதிப் பார்த்து, வேகம் போதாமல் வேறொரு மொழியில் மீண்டும் எழுதும் இரட்டை வேலையை ஒழிப்பதே அதன் நோக்கம். பழைய ஃபோர்ட்ரான்காரருக்கு அது அந்நியமாகவும் இல்லை. வரிசையின் முதல் உறுப்புக்கு எண் 1 தான்; பைத்தானைப் போல 0 அன்று. அணிகளை நெடுவரிசையாகச் சேமிப்பதும் ஃபோர்ட்ரானைப் போலவே. "இவ்வளவுதானா!" என்று மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சிதான் எங்களைக் கவிழ்த்தது. அந்தப் புரோகிராம், ஓர் உலோகக் கம்பியில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடுவது. பழைய வெப்பநிலைகளை வேறொரு வரிசையில் நகல் எடுத்து, அதிலிருந்து புதியவற்றைக் காணவேண்டும். ஃபோர்ட்ரான் 90 இல் ஒரு வரிசையை மற்றொன்றுக்குச் சமம் என்று எழுதினால் நகல் எடுக்கப்படும். ஜூலியாவில் அவ்வாறு எழுதினால் நகல் ஏதும் உண்டாவதில்லை. அதே வரிசைக்கு இரண்டாவது பெயர் சூட்டப்படுகிறது, அவ்வளவே. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். இதனை அறியாமல் எழுதிவிட்டோம். கணிப்பொறி பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெடுநேரம் ஓடவிட்டபோது வந்த இறுதி விடைகூடச் சரியாகவே இருந்தது!

பின் எப்படிக் கண்டுபிடித்தோம்? நடுவில் மட்டும் சூடாக்கி, இரு முனைகளையும் ஒரே குளிர்நிலையில் வைத்தால், இடப்புறமும் வலப்புறமும் எந்நேரத்திலும் ஒத்திருக்க வேண்டும் அல்லவா? எங்கள் விடையோ இடைப்பட்ட நேரங்களில் ஒருபுறம் சாய்ந்திருந்தது. மூன்று மாலைகள் தேடிய பின், 'காப்பி' என்ற ஒரே சொல்லைச் சேர்த்ததும் கம்பி நேரானது. அதனைக் கவனியாது விட்டிருந்தால், அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி ஏட்டில் தவறான எண்கள் எங்கள் கையாலேயே ஏறியிருக்கும்.

எங்கள் கருத்து இதுதான். புதிய மொழி முற்றிலும் மாறுபடும் இடத்தில் ஆபத்து இல்லை. அங்கே நாம் விழிப்பாக இருப்போம். பழையதைப் போலத் தோன்றும் இடமே சறுக்கும் இடம். அங்கே நம்மைக் காப்பது மொழியறிவு அன்று; விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துச் சோதிக்கும் பழக்கம். அப்பழக்கத்தை எங்களுக்குத் தந்தவை அந்தப் பழைய அட்டைகளே.

ஆகவே பழையதைக் கற்றவர் வீணாகக் கற்றோம் என்று வருந்த வேண்டியதில்லை. ஃபோர்ட்ரானும் இறந்துவிடவில்லை, 2023 இல் அதற்குப் புதிய தரவரையறை வெளிவந்துள்ளது. ஜூலியாவே அணிக்கணக்குகள் பலவற்றுக்கு, ஃபோர்ட்ரானில் எழுந்த லாபேக் என்னும் தொகுப்பை நாடுகிறது. பாட்டியின் கைப்பிடித்து நடக்கும் பேத்தி அது!

தங்கைகளே, நீங்கள் இன்று கற்கும் மொழியும் ஒருநாள் பழையதாகும். அன்று அஞ்சவேண்டாம், பழையதை இகழவும் வேண்டாம். கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்யாது, சிந்திக்கும் முறையையும் சரிபார்க்கும் பொறுமையையும் இன்றே பழகிக்கொள்ளுங்கள். அவை இருந்தால் ஐம்பதிலும் வளையலாம், அறுபதிலும் வளையலாம். நாங்களே சாட்சி.