முதியோர் இல்லம் எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்பது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடிகாட்டிலும் கடலூரிலும் என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரை, முட்டிவலி என்று தொடங்கி முதியோர் இல்லத்தில் வந்து நிற்கிறது. பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று இருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. நன்றாகப் படித்து வெளியே போங்கள் என்று வகுப்பில் சொன்னவர்கள்தானே நாங்கள்! இல்லத்தில் விடுவது சரியா தப்பா என்ற பட்டிமன்றம் இருக்கட்டும். விட்ட இடத்தில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பக்கத்து விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமம் நினைவிருக்கும். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைப் பார்க்க உறவினர் போனார். ஆள் இல்லை. பெங்களூருக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். அங்கேயும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அதன் பிறகுதான் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போய் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஒரு குடும்பம் விடாமல் கேட்டதால் வெளியே வந்த விஷயம் இது.

அப்படியானால் குடும்பங்களிடம் ஒழுங்காக, ஆண்டுதோறும் கேட்கலாமே? அமெரிக்காவில் ஒஹையோ மாநில அரசு இல்லவாசிகளின் குடும்பத்தாரிடம் கருத்துக் கேட்டு, இல்லம்வாரியாக வெளியிடுகிறது. சேர்க்கப் போகிறவர்கள் பார்த்து முடிவு செய்யலாம். நம் மாவட்டத்திலும் சமூக நலத்துறை இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் கேட்கிற விதம் முக்கியம். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி, வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "சார் நல்லா பாடம் நடத்துறாரா?" என்று கேட்பார். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "நடத்துறாரு சார்!" இல்லத்துக்காரரே தாளை நீட்டி "திருப்தியா?" என்று கேட்டாலும் அதே பதில்தான் வரும். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் தன் அம்மாவை ஓர் இல்லத்தில் விட்டிருந்தார். முதுகில் படுக்கைப்புண். கேட்டீர்களா என்றேன். "நான் சண்டை போட்டுட்டு வந்துடுவேன் சார், ராத்திரி அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறது அவங்கதானே" என்றார். இந்தப் பயம் போகாமல் எந்தக் கணக்கெடுப்பும் உண்மை சொல்லாது. பெயர் கேட்கக்கூடாது. தாள் இல்லத்தின் கைக்கே போகக்கூடாது.

கேள்வியும் கண்ணால் பார்த்ததைக் கேட்க வேண்டும். சொல்லாமல் போனால் அறைவரை விடுகிறார்களா? படுக்கையில் மூத்திர வாடை வருகிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? ராத்திரி எத்தனை பேருக்கு ஓர் ஆள்? கீழே விழுந்தால் அன்றைக்கே போன் வருகிறதா? கூடவே, கடைசியாக எப்போது நேரில் போனீர்கள் என்றும் கேட்க வேண்டும். மாதம் பணம் அனுப்பிவிட்டு வீடியோ காலில் பார்க்கிற மகன் ஐந்துக்கு ஐந்து போடுவான். வாராவாரம் பஸ் ஏறிப் போகிற மருமகளின் மூன்று மதிப்பெண்ணை நான் அதிகம் நம்புவேன்.

குடும்பமே இல்லாதவர்கள்? குண்டலப்புலியூரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது வைத்து, ஆதரவற்ற 150 பேருக்காவது இடம் தர வழி சொல்கிறது. அவர்களுக்காகத் தாள் நிரப்ப யார் வருவார்? அவர்களையே தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். மறதி நோய் உள்ளவரும் சோறு சூடாக வந்ததா என்று சொல்லிவிடுவார்.

அதுவரை, இல்லத்தில் பெற்றோரை விட்டிருக்கும் என் பிள்ளைகள் மேலே உள்ள கேள்விகளுக்கு உங்கள் பதிலை உள்பெட்டியில் எழுதுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது. அவசரம் என்றால் என்னை எதிர்பார்க்க வேண்டாம், முதியோர் உதவி எண் 14567க்குப் போடுங்கள்.