வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன்

சொந்தமாகச் சரக்கு வண்டி இல்லாத மளிகை வியாபாரி இன்று குறைவு. ஒரு குட்டியானையாவது கடை வாசலில் நிற்கிறது. இன்ஷூரன்ஸைத் தேதி தவறாமல் கட்டி விடுகிறோம். பாலிசியைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியும் விடுகிறோம். அதைப் பிரித்துப் படிப்பதில்லை.

அதில் டிரைவரைப் பற்றி இரண்டு வரி இருக்கும். விபத்து நடந்த நேரத்தில் வண்டியை ஓட்டியவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும், அவர் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி நீக்கப்பட்டவராக இருக்கக் கூடாது என்பதே அது. இந்த இரண்டு வரியால் நமது பஜாரில் ஒரு மண்டிக்காரர் அனுபவித்ததைச் சொன்னால் விஷயம் புரியும்.

அதிக பாரம் ஏற்றியதற்காக அவருடைய டிரைவரின் லைசென்ஸை ஆர்.டி.ஓ. மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்தார். மண்டிக்காரருக்கு இது தெரியும். அபராதத்தைக் கட்டியவரே அவர்தான். ‘முதலாளி, இன்னும் ஒரு மாசம்தானே பாக்கி, பக்கத்து ஊருக்குத்தானே போறேன்’ என்றான் டிரைவர். வேறு ஆள் கிடைக்காத சீசன் நேரம். சாவியைக் கொடுத்தார். சைக்கிளில் போன ஒருவர் மீது வண்டி மோதி, அவர் இறந்து போனார்.

தீர்ப்பாயம் என்ன சொன்னது? இறந்தவர் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்ட வேண்டும், பிறகு அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூல் செய்து கொள்ளலாம் என்றது. வண்டியைப் பழுது பார்த்த செலவுக்கும் கம்பெனி ஒரு பைசா தரவில்லை. பிரீமியம் பாக்கியில்லாமல் கட்டியவர், கடைசியில் மண்டி இடத்தை அடமானம் வைத்தார்.

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்ப முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். உரிமையாளர் தெரிந்தோ அஜாக்கிரதையாலோ நிபந்தனையை மீறினார் என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அது நியாயமான கவனம் எடுத்துக் கொண்டவருக்கான பாதுகாப்பு. அபராத ரசீது நம் கல்லாவில் இருக்கும்போது, தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. நமக்கு நல்ல தீர்ப்புதான். இதைக் கேட்டு இனி லைசென்ஸ் பிரச்னையே கிடையாது என்று சிலர் பேசுகிறார்கள். சஸ்பெண்ட் ஆன லைசென்ஸுக்கு இந்தத் தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் லைசென்ஸை இழந்தவர் மீண்டும் ஓட்ட வேண்டுமானால், இவருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று கம்பெனியே அரசாங்கத்துக்கு எழுதித் தர வேண்டும். அவருக்குப் பிரீமியமும் ஏறும். அதனால் விஷயம் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்து விடுகிறது. நம் நாட்டில் பிரீமியம் வண்டியைப் பார்த்துப் போடப்படுகிறது, ஓட்டுபவரைப் பார்த்து அல்ல. பணம் வாங்கும் நாளில் டிரைவர் யார் என்று ஏஜெண்ட் கேட்பதில்லை. கிளெய்ம் போடும் நாளில்தான் கேட்கிறார்கள். இது நியாயமா என்று கம்பெனிகளை நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் நம் பக்கத்துத் தப்பையும் சொல்லாமல் விடலாகாது. முக்கால் டன் வண்டியில் 25 கிலோ சிப்பம் 30 தான் ஏற்றலாம். 50 ஏற்றச் சொல்வது யார்? நாம்தான். ஒரு நடை டீசல் மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். அதிக பாரம், சிக்னல் மீறல், வண்டி ஓட்டும்போது செல்போன் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்று 2015-இலேயே உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சிப்பம் நம்முடையது, லாபம் நம்முடையது, லைசென்ஸ் மட்டும் அவனுடையது. மூன்று மாதம் சம்பளம் இல்லை என்றால் அவன் திருட்டுத்தனமாக ஓட்டத்தான் செய்வான், நம்மிடம் இல்லாவிட்டால் இன்னொருவரிடம். பிடிபட்டால் அவனுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ சிறையோ உண்டு. லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் சட்டத்தில் தண்டனை இருக்கிறது.

எங்கள் மண்டியில் இப்படி ஒருவனை அந்த மூன்று மாதமும் எடை மேடையிலும் கோடவுனிலும் வேலை வாங்கினோம். சம்பளத்தைக் குறைக்கவில்லை. மாற்று டிரைவருக்குக் கொடுத்ததுதான் கூடுதல் செலவு, மண்டி அடமானத்தோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. தவணை முடிந்ததும் ‘லைசென்ஸ் வந்துடுச்சு முதலாளி’ என்றான். வாய்வார்த்தையை வைத்துச் சாவியைக் கொடுக்கவில்லை. புத்தாக்கப் பயிற்சி முடித்த பிறகே லைசென்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று 2019 திருத்தச் சட்டம் கூறுகிறது. ஆகவே அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து, பரிவாஹன் தளத்தில் அதன் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு, செல்லத்தக்கது என்று வந்த பிறகுதான் வண்டியில் ஏற்றினோம். ஐந்து நிமிட வேலை. கடைப் பையன்களே செய்து தருவார்கள்.

சங்கம் ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு உறுப்பினரின் டிரைவர் பெயர், லைசென்ஸ் முடியும் தேதி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, மாதம் ஒருமுறை சரிபார்க்கலாம். லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன டிரைவர்களுக்கு மாற்று ஆள் அனுப்ப ஒரு பட்டியலும் வைக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர இருக்கிறோம். எதிர்க்கிறவர்கள் தங்கள் பாலிசியைப் படித்து விட்டு வரும்படி கேட்டுக் கொள்கிறோம்.