ரப்பருக்குள் வேகும் கால்

ஹைதராபாத் மழையில் சாக்கடை அடைப்பு நீக்கும் தொழிலாளியிடம் ரப்பர் கம்பூட்டை நீட்டினால் கடமை தீர்ந்தது என்பது நிர்வாக மூடநம்பிக்கை. கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளும் கம்பூட்டைப் பட்டியலிடுகின்றன; ஆனால் அதனுள் தோல் வியர்வையில் ஊறிப் பூஞ்சை பிடிக்கிறது.

மூச்சுவிடும் சவ்வு இருக்கிறதே என்பர் ஆய்வகத்தார். 1969இல் பாப் கோர் இழுத்து விரித்த டெஃப்லான் மலையேறிகளுக்கு வாய்த்தது, சரி. ஆனால் வியர்வை ஆவியை வெளியே தள்ளுவது சவ்வன்று; உள்ளுக்கும் வெளிக்குமான ஆவியழுத்த வேறுபாடே. ஈரக்காற்றில் அது சுருங்கும். சேறு படிந்தால் வழியே அடைபடும். உலர்காற்றில் அளந்த எண்ணை முழங்கால் சாக்கடைக்குப் பொருத்துவது எவ்வகை அறிவியல்? இரண்டாம் இணைக் கம்பூட்டும் உலர்த்தும் அறையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதப்பட வேண்டும்.