வதந்தி என்ற குற்றவாளி

ஒரு பாங்கி முறிந்தால் முதலில் பிடிபடும் குற்றவாளி வதந்திதான். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பாங்கி மூடப்பட்டபோதும் அதுவே நடந்தது. அதன் தலைமை நிர்வாகி மே மாதம் செனட் கமிட்டியின் முன் வந்து, வட்டி மளமளவென்று ஏறியதையும் வதந்தி பரவியதையும் சொன்னார். மார்ச் 9ஆம் தேதி ஒரே நாளில் ஜனங்கள் 4,200 கோடி டாலரை எடுத்துவிட்டார்கள். வாஸ்தவம். தங்கள் பணத்தைத்தானே எடுத்தார்கள்!

கேட்ட நிமிஷத்தில் திருப்பித் தரவேண்டிய பணம் அது. வட்டி அடிமட்டத்தில் கிடந்த காலத்தில் அதை வாங்கி, பல வருஷங்கள் கழித்து முதிரும் பத்திரங்களில் முடக்கினார்கள். 2022இல் வட்டி ஏறியது. புதுப் பத்திரம் அதிக வட்டி தரும்போது பழையதை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? முதிரும் வரை வைத்திருப்போம் என்று சொல்லி, 9,100 கோடி டாலர் பத்திரங்களை வாங்கிய கணக்குப்படியே ஏட்டில் வைத்தார்கள். சந்தையில் அவற்றின் விலை சுமார் 7,600 கோடி. அந்த உண்மை ஏட்டில் இல்லாமலில்லை. அடைப்புக் குறிக்குள் ஒடுங்கி நின்றது. பாங்கியின் சொந்த மூலதனமே சுமார் 1,600 கோடிதான். இனிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆத்திரம் மூட்டுவது இதுவல்ல. கணக்குத் தவறுவது மனித சுபாவம். வட்டி ஏறினால் ஆபத்து, எல்லை மீறிவிட்டது என்று பாங்கியின் சொந்தப் பரிசோதனையே 2022இல் எச்சரித்தது. உடனே என்ன செய்தார்கள்? டிபாஸிட்தாரர்கள் முன்பு நினைத்ததைவிட அதிக நாள் தங்குவார்கள் என்று அனுமானத்தைத் திருத்தினார்கள். எச்சரிக்கை மறைந்தது! குழந்தைக்கு ஜுரம் என்றால் வைத்தியரைக் கூப்பிடாமல் தர்மாமீட்டரை மாற்றுவது போல. அமெரிக்க மத்திய பாங்கியே தன் அறிக்கையில் இதைச் சொல்லி, தன் மேற்பார்வையும் போதவில்லை என்று ஒப்புக்கொண்டது. அந்த 2022இல் பெரும்பகுதி, ஆபத்தைக் கவனிக்கும் தலைமை அதிகாரியின் நாற்காலி காலியாகவே கிடந்தது. வதந்தி வந்து உட்கார இடமிருந்தது.

நமக்கென்ன என்கிறீர்களா? நம் பாங்கிகளின் ஏடுகளிலும் 'முதிர்வு வரை' என்ற பகுதி உண்டு. அவை முறியப்போகின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாலாய் சென்ட்ரல் பாங்கி 1960இல் மூடப்பட்ட பிறகு, 1962இல் இங்கே வந்த டிபாஸிட் இன்ஷ்யூரன்ஸ், 2020 முதல் ஐந்து லட்சம் வரைதான் பொறுப்பேற்கிறது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று அதற்கு மேல் ஒரே பாங்கியில் போட்டவர் எந்த அடைப்புக் குறிக்குள் தேடுவார்?

டிபாஸிட் வட்டியை எழுதிப் போடும் பலகையில், கைவசமுள்ள பத்திரங்களை இன்றே விற்றால் என்ன கிடைக்கும் என்றும் ஒரு வரி எழுதட்டுமே. "ஜனங்கள் பயந்துவிடுவார்கள், ஸார்" என்கிறார் பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர். பயப்படும்படியான தொகை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?