அடுத்த கண்காட்சி யாருடையது?

மெரினாவில் 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலையில் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வடித்தவர் ராய் சௌத்ரி. நவீனக் கலைக்கு நாம் வெகுகாலம் வெறும் பொருள்தான்.

2023 டிசம்பரில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வடசென்னைப் பிள்ளைகள் எடுத்த ஒளிப்படங்கள் வைக்கப்பட்டன. கேமரா பிடிக்கக் கற்றுத்தந்தவர் பழனிக்குமார். இங்கே பார்த்தவனும் நாமே, பார்க்கப்பட்டவனும் நாமே. 2024 ஜனவரியோடு அது முடிந்தது.

ஒரு மாசம் விருந்தாளி, அப்புறம் வாசலுக்கு வெளியே. இது நமக்குப் புதுசா?

தோழர்களே, அடுத்த கண்காட்சி அறிவிப்பு வரும்போது நான் கேட்கப்போவது இரக்கமில்லை. நிரந்தரச் சேகரிப்பில் இடம். தேர்வுக் குழுவில் நாற்காலி. கண்காட்சி அத்திப்பட்டுக்கும் வரட்டும். சாம்பல் படிஞ்சாலும் எங்க தெருவிலும் சுவர் இருக்கு.