கொய்யா இலை

என் பிள்ளையின் யூனிபார்ம் பேண்ட் பாக்கெட்டில் கொய்யா இலை கிடந்தது. துவைக்கப் போடும்போது கையில் தட்டுப்பட்டது. நாலைந்து இலை, பாதி கசங்கியது, ஒன்றில் பல் பட்ட தடம். பல்வலிக்கு மென்றிருப்பான் என்று நினைத்தேன். உதறிப் போட்டுவிட்டுப் பேண்ட்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். குடித்த வாயின் நாற்றத்தை அமுக்கத்தான் கொய்யா இலையை மெல்வார்கள் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? எங்கள் வீட்டில் குடிக்கிற ஆள் கிடையாது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் பீடிகூடத் தொட்டதில்லை. பிறகு எனக்கு எப்படித் தெரியும்?

நான் பூக்கட்டுகிறவள். விடியும் முன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லியும் பிச்சியும் எடுத்து வந்து, வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டேன். எங்கள் வீட்டுச் சுவர்கூட மல்லி வாசம் அடிக்கும். அந்த வாசத்துக்குள் என் பிள்ளை ஆறு மாசமாக வேறொரு வாசத்தை ஒளித்து வைத்திருந்தான். பெற்றவள் மூக்குக்கு அது எட்டவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

அவனுக்கு 14 வயசு. ஒன்பதாம் வகுப்பு.

போன சித்திரைத் திருவிழாவில்தான் எல்லாம் வெளியே வந்தது. அழகரை மதுரை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை ராத்திரி, தல்லாகுளத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தேன். வருஷத்தில் எனக்கு அதுதான் பெரிய வியாபாரம். "செட்டோட போய் அழகர் பாத்துட்டு வர்றேம்மா" என்றான். இதே வயசில் நானும் எங்கப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போனவள். போகாதே என்று எந்த வாயால் சொல்வேன்? நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன்.

விடியக்காலை, அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே போன் வந்தது. வைகை மணலில், பாலத்துக்குக் கீழே, வாந்திக்குள் முகம் புதைந்து கிடந்தான். அழகர் வேஷம் கட்டித் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிற ஒரு பெரியவர்தான் அவனைப் பார்த்திருக்கிறார். மல்லாக்கப் போட்டால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று தெரிந்த மனுஷன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவன் சட்டைப்பையில் இருந்த சீட்டைப் பார்த்து எனக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. என் குலதெய்வம் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "சின்னப் பிள்ளைங்க குடிச்சா ரத்தத்துல சர்க்கரை சட்டுனு இறங்கிரும். இன்னும் ரெண்டு மணி நேரம் அங்கேயே கிடந்திருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது." வெளியே ஊரே செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் மூடி, சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டிக்கொண்டு நின்றது. உள்ளே என் பிள்ளை உடம்பில் சர்க்கரை இல்லாமல் கிடந்தான். பூக்கூடையைத் தல்லாகுளத்திலேயே போட்டுவிட்டு ஓடி வந்தவள் நான். கையில் பூநாரின் ஈரம்கூடக் காயவில்லை.

அன்றிலிருந்து எல்லோரும் அவனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நீ வேண்டாம்னு சொல்லியிருக்கணும்ல?" நர்ஸ் கேட்டார். ஹெட்மாஸ்டர் கேட்டார். போலீஸ்காரர் கேட்டார். என் மாமியார் கேட்டார். பாவி, நானும் கேட்டேன்.

பத்து நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தான். "சொன்னேம்மா. மூணு தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்ல முடியல."

முதல் தடவை சிரித்தார்களாம். இரண்டாவது தடவை, "பால் குடிக்கிற புள்ளைடா, அம்மாகிட்ட போய்க் கேட்டுட்டு வா" என்றார்களாம். மூன்றாவது தடவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனை உடைத்தது. கிரிக்கெட்டுக்குக் கூப்பிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் டிபன்பாக்ஸை வேப்பமரத்தடியில் தனியாக வைத்துச் சாப்பிட்டிருக்கிறான். நான் தினமும் கழுவிய டிபன்பாக்ஸ் அது. 14 வயசுப் பிள்ளைக்கு ஊர் என்றால் அந்தப் பையன்கள்தான். அவர்கள் தள்ளி வைத்தால் அது ஊர்விலக்கம். பெரிய மனுஷர்களே ஊர்விலக்கத்துக்குப் பயந்து காலில் விழுகிற சீமையில், என் பிள்ளை எத்தனை நாள் நிற்பான்?

அந்தப் பையன்களை நான் சபிக்கவில்லை. அவர்களும் யாரோ பூக்கட்டி, இட்லி விற்று வளர்க்கிற பிள்ளைகள்தான். என் ஆத்திரமெல்லாம் மீசை முளைத்தவர்கள் மேலேதான்.

நாலு பேர், ஆளுக்கு நாற்பது ரூபாய். அதில் இருபது, வாங்கிக் கொடுக்கிறவனுக்குக் கமிஷன். கடைக்குப் பக்கத்திலேயே இதற்கென்று நிற்கிற ஆள், என் வயசு இருக்குமாம். 21 வயசுக்குக் கீழே உள்ளவனுக்கு மது விற்கக் கூடாது என்று இந்த மாநிலத்தில் விதி இருக்கிறது. பகல் 12 மணிக்கு முன்னால் கடை திறக்கக் கூடாது. பள்ளிக்கூடம், கோயில் பக்கத்தில் கடை இருக்கக் கூடாது. மாநகராட்சியில் 50 மீட்டர், கிராமத்தில் 100 மீட்டர். 50 மீட்டர் என்றால் எத்தனை அடி? இருநூறு தப்படி எடுத்து வைப்பதற்குள் மூன்று மடங்கு தாண்டிப் போய்விடலாம். இதற்கு ஒரு விதி! 2003ல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே கையில் எடுத்தது. 2023-24ல் அதன் வருமானம் 45 ஆயிரம் கோடிக்கு மேல். அந்த மாதிரிக் கணக்கில்தான் என் பிள்ளையின் காசும் சேர்ந்திருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்து என் கையில் திருப்பிக் கொடுங்கள் என்று நான் எந்த ஆபீஸில் போய்க் கேட்பது?

கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. காந்தியவாதி சசிபெருமாள், கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை எடுக்கச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறி, 2015 ஜூலை 31 அன்று உயிரையே விட்டார். எங்கள் மதுரைப் பெண் நந்தினி சட்டம் படிக்கும்போதே அப்பாவோடு தெருவில் இறங்கியவர். மதுவுக்கு எதிராகப் போராடியதற்குப் போட்ட வழக்கில் வாதாடப் போய், நீதிமன்ற அவமதிப்பு என்று 2019ல் கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது சிறைக்குப் போனார். அதே 2015ல் திருவண்ணாமலை மாவட்டத்தில் நாலு வயசுக் குழந்தைக்கு மதுவைக் குடிக்கக் கொடுத்து, அதை வீடியோவும் எடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள். அப்போது நானும் 'ஐயோ' என்று சொல்லிவிட்டுப் பூக்கட்டப் போனவள்தான். வேற்றூர்க் கதை என்று நினைத்தேன்.

சட்டம் இன்னும் ஒன்று இருக்கிறது. தெரிந்த வக்கீல் அம்மா சொன்னார். 2015ல் வந்த இளைஞர் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவு. 18 வயது ஆகாத பிள்ளைக்கு யார் மதுவைக் கொடுத்தாலும் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். கடைக்காரன் என்று இல்லை, யார் கொடுத்தாலும். கேட்டதும் புகார் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "விசாரிச்சா உங்க பையனத்தாம்மா மொதல்ல விசாரிக்கணும், பேரு கெட்டுரும், பாத்துக்கங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்னாலேயே பேரைக் கெடுத்து டீசியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நாலு பேரில் மூன்று பேர் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மணலில் விழுந்து கிடந்தவன் மட்டும் கெட்ட பிள்ளை ஆகிவிட்டான்.

ஆனால் இதைவிடப் பெரிய இடி வேறு. "மொத மொதல்ல யார்டா குடுத்தது?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "மாமா" என்றான்.

என் கூடப்பிறந்த தம்பி. பாண்டி கோயிலில் சொந்தக்காரர் வீட்டுக் கெடா வெட்டு. மண்டபத்துக்குப் பின்னால் ஆம்பளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, இவன் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். "மீசை அரும்புது மருமகனுக்கு, ஒரு மடக்கு குடிச்சுப் பாரு, ஒண்ணும் ஆகாது" என்று பிளாஸ்டிக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தானாம். இவன் மாட்டேன் என்றிருக்கிறான். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். "ஆம்பளப் பிள்ளைதானடா நீ?"

இந்தத் தம்பி மடியில்தான் என் பிள்ளைக்குக் காது குத்தினோம். ஊசி இறங்கும்போது பிள்ளை கதறியதைப் பார்த்துக் கூடவே அழுதவன் அவன். தாய்மாமன் மடி என்றால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கை கொடுத்த கிளாஸை என் பிள்ளை எப்படித் தட்டிவிடுவான்? மாட்டேன் என்கிற சொல்லை அன்றைக்கே அவன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். பிறகு அவனையே பார்த்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள்.

ஒரு விஷயம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால், எந்தக் குடிகாரச் செட்டும் அந்தப் பையனை வற்புறுத்தாது. "சாமி, தள்ளி நில்லுங்க" என்று பாட்டிலை மறைத்துக்கொள்வார்கள். ஒரு மண்டலம் முழுக்க மரியாதை. மஞ்சக்காமாலை, கீழாநெல்லி சாப்பிடுகிறேன், பத்தியம் என்றாலும் விட்டுவிடுவார்கள். அப்படியென்றால் விடத் தெரியாதவர்கள் இல்லை. மாலைக்கு விடுகிறார்கள், மருந்துக்கு விடுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் விட மாட்டார்கள்.

மனநல டாக்டர் ஒருவர்தான் என் பிள்ளையைத் திட்டாமல் பேசினார். 15 வயசுக்கு முன்னே ஆரம்பித்தால் அடிமையாகிற வாய்ப்பு பல மடங்கு என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவனிடம் அதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. "நாலு பேர் முன்னாடி வக்கீல் மாதிரி வாதாட வேணாம்டா, சின்னதா ஒரு பதில், அப்புறம் அந்த எடத்த விட்டு நகந்துரு" என்றார். எதிரில் உட்கார்ந்து அவரே கூட்டாளி மாதிரி கிண்டல் செய்தார். இவன் முதலில் திக்கினான். அவர் விடவில்லை, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு, "எனக்கு ஒத்துக்கல மாப்ள, நான் கெளம்புறேன்" என்று தலையை நிமிர்த்திச் சொன்னான். இதை ஏன் ஒரு பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை? குடி குடியைக் கெடுக்கும் என்று சுவரில் எழுதி வைத்தால் போதுமா?

நானும் அவனும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். எங்காவது சிக்கிக்கொண்டால் எனக்குப் போன் போட்டு, "பூ என்ன வெலைம்மா?" என்று கேட்பான். உடனே நான் பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி, "எங்கடா போய்த் தொலைஞ்ச, இப்ப வீட்டுக்கு வர்றியா இல்லையா?" என்று கத்துவேன். "எங்கம்மா ராட்சசிடா" என்று என் மேலே பழியைப் போட்டுவிட்டு அவன் வந்துவிடலாம். இரண்டு தடவை கேட்டிருக்கிறான். இரண்டு தடவையும் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

நேற்று தம்பி பத்திரிகை வைத்துவிட்டுப் போனான். அவன் மகளுக்குக் காதுகுத்து, கெடா வெட்டு. "அத்தை நீ இல்லாமயாக்கா, மாலையெல்லாம் நீதான் கட்டணும்" என்றான். "பாட்டில் உண்டாடா?" என்று கேட்டேன். "கெடா வெட்டுல அது இல்லாமயாக்கா" என்று சிரித்தான். உள்ளே என் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தான்.

வருகிறேன் தம்பி. மாலை கட்டி எடுத்துக்கொண்டு, சீர்த்தட்டோடு வருகிறேன். மண்டபத்துக்குப் பின்னால் உங்கள் வட்டத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவேன். என் பிள்ளை கையில், இல்லை எந்தப் பிள்ளை கையிலாவது, ஒருத்தன் கிளாஸைக் கொடுத்தாலும் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுவேன். நீயாக இருந்தாலும் போடுவேன்டா.